உப்புப் போட்ட இரத்தம்

பாறூக் தன் வீட்டில் இருந்து கேட்ட கடைசிக் கேள்வி ஒரு றால் பெட்டியைப் பற்றியது. உலகத்தை விட்டுப் போகிற மனிதன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கலாம், ஒரு வாய் ஸம்ஸம் தண்ணீர் கேட்கலாம். போகப்போவது தெரியாததால் பாறூக் சாய்வுக் கதிரையில் கிடந்தபடியே குசினி மூலையைக் கால் பெருவிரலால் காட்டி, "உன்ட தம்பிட பெட்டி இன்னும் போகல்லியா?" என்று கேட்டார்.

நிஸ்மியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கொடுத்தனுப்பலாம் என்றாள். நாளைக்கு நாளைக்கு என்று வைத்திருந்தால் அந்தப் பெட்டி வாக்காளர் இடாப்பில் பேர் பதிந்துவிடும் என்றார் அவர். பிறகு பிளேன்டீயில் இஞ்சி கூடிப்போய்விட்டதென்று முகத்தைச் சுழித்தார், அதை முழுவதும் குடித்தார், கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தார். கதிரைக்குக் கீழே கோப்பை வைக்க வேண்டாம் என்று கலியாணம் முடித்த காலத்திலிருந்து அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று பின்னேரம் காய்ச்சல் ஏறியது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஓட்டமாவடி மையவாடியில் அடக்கினார்கள். நல்ல சனம். வெள்ளிக்கிழமை மௌத்தாக மனிதன் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று வந்தவர்கள் ஆளுக்காள் சொன்னார்கள். அவர் மௌத்தானது வியாழன் பகல், சோற்று நேரம். நிஸ்மியா ஒருவரையும் திருத்தவில்லை. உயிரோடு இருந்தபோது கிடைக்காத பெருமை, கிடைத்ததை ஏன் கெடுப்பான் என்று விட்டுவிட்டாள்.

றால் பெட்டி அந்த வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்வதென்றால் பாறூக்கின் இடமாற்றத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

அவர் பொலன்னறுவையில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். விடிய எழும்பி ஓட்டமாவடிச் சந்தியில் பஸ் ஏறி, ஜன்னல் பக்கத்து ஆசனத்துக்கு ஓடி, தூங்கி, வேலை செய்து, திரும்பத் தூங்கி வீடு வந்து சேருவார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற வாழைச்சேனைக்கு இடமாற்றம் கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பங்கள் அவருடைய சேவைக்காலத்தின் அளவு வயதானவை. எப்போது போய்க் கேட்டாலும் 'பரிசீலனையில் இருக்கிறது' என்பார்கள். தனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே இடமாற்றம் கலியாணம்தான் என்று அவர் சொல்வதுண்டு. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுப்பது இந்தப் பக்கத்து வழமை. அப்படித்தான் ஏறாவூரில் பிறந்த பாறூக் ஒரு சூட்கேஸும் ஒரு தலையணையுமாக ஓட்டமாவடிக்கு வந்து நிஸ்மியாவின் வீட்டில் கடமையைப் பொறுப்பேற்றார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றியும் யாராவது கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்.

சில வருடங்களுக்கு முன்னர் அவருக்குக் களைப்பு வந்தது. பஸ்ஸில் தூங்குவது போதாமல் அலுவலகத்திலும் தூங்கினார். அங்கே அது வித்தியாசமாகத் தெரியாததால் கொஞ்ச நாள் யாரும் கவனிக்கவில்லை. பிறகு இடது விலாவுக்குக் கீழே கல் வைத்தது போல ஒரு பாரம். இரத்தம் சோதித்தபோது வெள்ளைக் கலங்கள் கணக்கு வழக்கில்லாமல் பெருகியிருந்தன. இரத்தப் புற்றுநோய் என்று சொன்ன டொக்டர், பயப்பட வேண்டாம், இது மெல்ல நடக்கிற வகை, குளிசை இருக்கிறது என்றும் சொன்னார். ஒரு தாளில் நாலு கோடு கீறி விளக்கினார். ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் இருந்து ஒரு துண்டு இருபத்திரண்டாம் நிறமூர்த்தத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஒரு துண்டு இங்கே வந்துவிட்டது. இரண்டும் ஒட்டின இடத்தில் இல்லாத ஒரு ஜீன் புதிதாக உண்டாகி, கலங்களைப் பெருகு பெருகு என்று விரட்டுகிறது. தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று டொக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இடமாற்றம்" என்றார். "பரஸ்பர இடமாற்றம்."

பாறூக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பரஸ்பர இடமாற்றம் என்பது இரண்டு அரச ஊழியர்கள் ஒத்துக்கொண்டு ஒருவர் இடத்துக்கு ஒருவர் போவது. அதற்கு ஆள் தேடி அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல.

"யாரு டொக்டர் சிபாரிசு பண்ணினது?" என்று கேட்டார்.

டொக்டர் விளங்காமல் நிஸ்மியாவைப் பார்த்தார். நிஸ்மியா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அழுகிறாள் என்று டொக்டர் நினைத்தார். அவள் பாதி அழுதாள், பாதி சிரித்தாள். அந்த மனிதனோடு வாழ்ந்ததில் அவளுக்கு இந்த இரண்டையும் ஒரே முகத்தில் செய்து பழக்கம்.

குளிசை வேலை செய்தது. எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அறிய அவ்வப்போது இரத்தம் கொழும்பிலுள்ள ஓர் ஆய்வுகூடத்துக்குப் போகும். அங்கிருந்துதான் ஆர்த்திகா அவர்கள் வாழ்க்கைக்குள் வந்தாள். அறிக்கையில் ஏதோ ஓர் எண் விளங்கவில்லை என்று பாறூக் ஆய்வுகூடத்துக்குப் போன் எடுத்து, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதியும் ஆங்கிலத்தில் பாதியும் கலந்து கேட்டுக்கொண்டிருந்தபோது, மறுபக்கத்தில் ஒரு பெண் குரல், "தமிழிலயே சொல்லுங்கோ, நான் வவுணதீவு" என்றது. பாறூக்குக்குச் சொந்தக்காரியைக் கண்டுபிடித்தது மாதிரி. வவுணதீவில் எந்த வட்டை, தகப்பனார் பேர் என்ன, இந்தப் போகம் வேளாண்மை எப்படி என்றெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் தன் இரத்தத்துக்கு வந்தார்.

ஆர்த்திகா பொறுமைசாலி. பாறூக் கேட்டதெல்லாம் சொன்னாள். அந்தப் பிழையான ஜீன் கலத்துக்குள் இருந்துகொண்டு கட்டளைகளை எழுதி எழுதி அனுப்புகிறது. அந்தக் கட்டளைகளைத்தான் எண்ணுகிறோம். ஆனால் அவை நின்று பிடிக்காத சாமான், கொஞ்சத்தில் கெட்டுவிடும். அதனால் முதலில் கட்டளையைத் திருப்பி மூல எழுத்தாக எழுதுகிற ஒன்றைக் கலக்கிறோம். வழமையான எழுத்து ஒரு பக்கமாகப் போகும், இது எதிர்ப்பக்கமாக எழுதும்.

"வலமிருந்து இடமாவா?" என்று பாறூக் கேட்டார். "அப்ப அந்தச் சாமான் ஓதப்பள்ளியில அறபு படிச்சிருக்கு."

அதன் பிறகு எழுதினதை மெசினில் போட்டு இரட்டிப்பாக்குவது. ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். போதுமான அளவு சேர்ந்ததும் ஒளிரும். எத்தனையாவது சுற்றில் ஒளிர்ந்தது என்பதுதான் கணக்கு. இந்த இடம் பாறூக்குக்கு உடனே பிடித்துவிட்டது. போனை வைத்துவிட்டு நிஸ்மியாவுக்குத் தன் பாணியில் விளக்கினார். ஓட்டமாவடிச் சந்தியில் ஒரு வதந்தி இருக்கிறது. தெரிந்தவன் ஒவ்வொருவனும் ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும் ஒரு புது ஆளுக்குச் சொல்லுகிறான். எத்தனையாவது கடையில் ஊரே சத்தம் போடுகிறது என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. நாலாவது கடையிலேயே சத்தம் வந்தால் தொடக்கத்திலேயே நிறையப் பேருக்குக் கதை தெரிந்திருக்கிறது. பள்ளிவாசல் தாண்டி, பாலம் தாண்டி, வாழைச்சேனை போயும் சத்தம் இல்லையென்றால் கதை தெரிந்தவன் ஒருத்தனோ ரெண்டு பேரோதான்.

"எங்கட கதை இப்ப பாலத்தைத் தாண்டிட்டு," என்றார். அதன் பொருள், நோய் அடங்கிவிட்டது.

இன்னொரு விடயமும் ஆர்த்திகா சொன்னாள். ஒவ்வொரு முறையும் பிழையான ஜீனோடு சேர்த்து ஒரு சாதாரண ஜீனையும் எண்ணுவார்கள். கலத்துக்குள்ளே வீட்டுவேலை பார்க்கிற ஜீன் அது. நோய் வந்தாலும் போனாலும் அதன் வேலை ஒரே அளவு. அதன் சத்தம் சரியாகக் கேட்டால்தான் இரத்தம் நல்ல இரத்தம், மற்றதை அதோடு ஒப்பிட்டு எண்ணலாம். அது கேட்கவில்லையென்றால் அந்த இரத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"அது நிஸ்மியா," என்றார் பாறூக். "சத்தம் எப்பவும் ஒரே அளவு."

அப்படி வருடங்கள் போயின. குளிசையை அவர் ஒரு நாளும் விட்டதில்லை. நோன்பு மாதத்தில் ஸஹர் சோற்றோடு விழுங்குவார். ஆனாலும் ஒரு முறை எண் ஏறியது. அடுத்த முறை இன்னும் ஏறியது. கதை பாலத்தில் இருந்து திரும்பிச் சந்திப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

டொக்டர் இந்த முறை கோடு கீறவில்லை. அந்தப் பிழையான ஜீனுக்குள்ளேயே ஓர் எழுத்து மாறியிருக்கக்கூடும், அதனால் குளிசை அதில் ஒட்ட மாட்டாமல் வழுக்குகிறது என்றார். எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாறக்கூடிய இடங்கள் பல. அநேகமான மாற்றங்களுக்கு இரண்டாவது குளிசை ஒன்று இருக்கிறது, அது கேட்கும். ஒரேயொரு மாற்றத்துக்கு மட்டும் அதுவும் கேட்காது. அதற்கு வேலை செய்கிற மருந்து நம்முடைய கைக்கு எட்டுகிற இடத்தில் இல்லை. தெரியாமல் இரண்டாவதைத் தொடங்கி நாளைக் கெடுக்க வேண்டாம், முதலில் இரத்தத்தை அனுப்புங்கள் என்றார். பரிசோதனைக் கடதாசியில் தமிழில் 'விகாரம்' என்று எழுதியிருந்தது. பாடசாலைப் புத்தகங்களில் ஜீனின் எழுத்து மாறுவதற்கு அந்தச் சொல்தான். பாறூக் அதை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டவாகப் பிடித்து வாசித்தார்.

"எனக்கு விகாரம் வந்திருக்கா எண்டு பாக்கக் கொழும்புக்கு ஏன் அனுப்ப வேணும்? கண்ணாடியக் கேட்டா சொல்லும்."

நிஸ்மியா இந்த முறை சிரிக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை அவளுக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. அந்த ஓர் எழுத்தா, மற்றவையா.

இந்தச் சோதனைக்கு இரத்தத்தை நோயாளியின் வீட்டார்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இங்கேதான் நிஸ்மியாவின் தம்பி றுமைஸ் வருகிறான். றுமைஸ் வாழைச்சேனையில் றால் வியாபாரி. வாவி றாலும் கடல் றாலும் எடுத்து, ஐஸ் அடித்து, தன் லொறியில் பின்னேரம் ஏற்றினால் விடியக் கொழும்பில் இறங்கும். ஐஸைப் பற்றி அவனுக்குத் தெரியாதது கிடையாது, அல்லது கிடையாது என்று அவன் நினைத்தான். மச்சான்ட இரத்தத்தைப் பஸ்ஸில் அனுப்புவதா, நான் ஒருத்தன் எதற்கு இருக்கிறேன் என்று வந்து நின்றான். தாதி ஊதா மூடி போட்ட குழாய்களைக் கொடுத்து, குளிராக இருக்க வேண்டும், ஆனால் உறைந்துவிடக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். றுமைஸ் இரண்டு தரமும் முதல் பாதியைத்தான் கேட்டான். றால் வியாபாரத்தில் இரண்டாவது பாதி என்று ஒன்று இல்லை.

புதுப் பெட்டி ஒன்றை எடுத்தான். அடியில் ஐஸ் தூள் பரப்பினான். குழாய்களைத் துணியில் சுற்றாமல் நேரே உள்ளே நட்டான். மேலே ஐஸ். அதற்கு மேலே, தூரப் பயணத்துக்குப் போகும் முதல் தர றாலுக்குச் செய்வது போல, இரண்டு கை கல் உப்பு. ஐஸோடு உப்புச் சேர்ந்தால் குளிர் இன்னும் இறங்கும், கொழும்புவரை கல்லாக நிற்கும். சாதாரண றாலுக்கு அவன் உப்புப் போடுவதில்லை. மச்சான் என்பதால் போட்டான்.

அடுத்த நாள் ஆர்த்திகா போன் எடுத்தாள். வழமையாக விசாரிப்பதை விசாரிக்காமல், இரத்தம் உறைந்து கட்டியாக வந்திருக்கிறது, கலமெல்லாம் வெடித்துவிட்டது, வீட்டுவேலை ஜீனின் சத்தமே சரியாகக் கேட்கவில்லை, இதை வைத்து அறிக்கை எழுத முடியாது, திரும்ப எடுத்து அனுப்புங்கள் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, ட்யூபைச் சுற்றி உப்பாக இருந்ததே, அது என்ன என்று கேட்டாள்.

பாறூக் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கி, நிஸ்மியா முதுகைத் தடவ வேண்டியிருந்தது. றுமைஸைக் கூப்பிட்டு, "என்னைக் கருவாடாக்கிப் போட்டாயேடா மச்சான்," என்றார். றுமைஸுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சுண்டிப்போய் நின்றான். இரண்டாம் தரம் இரத்தம் எடுக்கக் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த முறை நிஸ்மியா தானே குழாய்களைத் துவாயில் சுற்றி, ஐஸைப் பையில் கட்டி, தம்பியைப் பெட்டிக்குக் கிட்டவே வர விடாமல் அடுக்கினாள். லொறி போய்ப் பெட்டி திரும்பி வந்து, குசினி மூலையில் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகுதான் பாறூக் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டது. நோய் மெல்ல நடக்கிற வகைதான். ஆனால் ஒரு நாள் ஓட முடிவு செய்துவிட்டது. அறிக்கை வரவில்லை, அவர் போய்விட்டார்.

நிஸ்மியா மௌத்தான கணவனுக்காக இத்தாவில் இருந்தாள். வெள்ளை உடுத்து, வெளியே போகாமல், வந்த பெண்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பொலன்னறுவை அலுவலகத்தில் இருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்து, ஆண்கள் பக்கத்தில் இருந்து, ஒரு பெட்டி பிஸ்கட்டும் அனுதாபமும் கொடுத்துப் போனார்கள். போகும்போது ஒருவர், பாறூக் காக்காவின் இடமாற்றம் நல்ல முறையில் பரிசீலிக்கப்பட்டுக்கொண்டிருந்தது என்று மிகுந்த துக்கத்தோடு சொன்னாராம். நிஸ்மியா அறைக்குள் முந்தானையை வாயில் வைத்து அடைத்தாள். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று திரும்பிப் பார்த்த அந்த ஒரு கணம்தான், மற்ற எல்லாவற்றையும் விட, அவளை அடித்துப் போட்டது.

றுமைஸ் வந்துகொண்டுதான் இருந்தான், ஆனால் உள்ளே வருவதில்லை. பின்கதவால் மீனைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். பெட்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒரு நாள் அவனுடைய மனைவி பர்ஸானா வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அவன் உப்புத் தின்பதில்லையாம். கறி, சோறு, சம்பல் எதற்கும் உப்பில்லை. பிள்ளைகளும் சேர்ந்து சப்பென்று தின்ன வேண்டியிருக்கிறது. கேட்டால், மச்சானை உப்புப் போட்டுக் கொன்ற கை இது என்கிறானாம்.

நிஸ்மியா அன்று முழுவதும் யோசித்தாள். அவன் சொல்வது பொய் என்று சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. முதல் குழாய் நல்ல குழாயாகப் போயிருந்தால், மாறின எழுத்து சாதாரண எழுத்தாக இருந்திருந்தால், இரண்டாவது குளிசையைத் தொடங்கியிருப்பார்கள். இருந்திருந்தால். அவளும் வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவள்தான். தம்பியில் அவளுக்குக் கோபம் வந்த நேரமும் உண்டு. கோபத்தோடு சேர்ந்து அவன் உப்புப் போட்ட காரணமும் ஞாபகம் வரும்; முதல் தர றாலுக்குத்தான் போடுவான்.

ஆர்த்திகாவின் போன் அதற்குப் பிறகு ஒரு பகல் வந்தது. அறிக்கை முடிந்திருந்தது, எழுத்தில் அனுப்ப முதல் தானே சொல்ல நினைத்திருந்தாள்.

"அண்ணனிட்டக் குடுங்கோ அக்கா."

"அவருக்கு இடமாற்றம் கிடைச்சிட்டு மகள்," என்றாள் நிஸ்மியா. அது எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. பாறூக் இருந்திருந்தால் அவர் சொல்லியிருக்கும் பதில். சொல்ல ஆளில்லாததால் அவள் சொன்னாள் போலிருக்கிறது.

மறுபக்கத்தில் ஆர்த்திகா உண்மையாகவே சந்தோசப்பட்டாள். "கிடைச்சிட்டா? எங்க, வாழைச்சேனைக்கா?"

"மையவாடிக்கு."

லைனில் மெசின்களின் இரைச்சல். அதற்கு மேலே ஆர்த்திகா அழுகிற சத்தம். நிஸ்மியா அவளை ஆற்ற வேண்டியதாகிவிட்டது. ஒரு முறையும் நேரில் காணாத மனிதனுக்காக, அவருடைய இரத்தத்தை மட்டும் கண்டவள் அழுதாள். ஆறின பிறகு நிஸ்மியா கேட்டாள், எந்த எழுத்து என்று.

அந்த ஓர் எழுத்துத்தான். இரண்டாவது குளிசையும் கேட்டிருக்காது.

நிஸ்மியா போனை வைத்தாள். ஆறுதலா, இன்னொரு அடியா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. றுமைஸ் பின்கதவில் வந்து செருமினான். உள்ளே வா என்றாள். அவன் கதவு நிலையில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றான். அவள் சொன்னாள். எல்லாவற்றையும், ஆர்த்திகா சொன்ன ஒழுங்கிலேயே சொன்னாள்.

றுமைஸ் நிலத்தைப் பார்த்தபடி கேட்டுவிட்டு, "ராத்தா, எனக்காகப் பொய் சொல்லாதீங்க," என்றான்.

இப்படி ஒரு சங்கடத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் கொஞ்சம் அலங்காரமாகச் சொல்லியிருப்பாள், அவனும் நம்பியிருப்பான். உண்மை இவ்வளவு வசதியாக வந்து நின்றதில் அது பொய் மாதிரியே இருந்தது. சத்தியம் பண்ணினாள். இத்தாவில் இருக்கிறவளைச் சத்தியம் பண்ண வைத்த பாவமும் தனக்குத்தான் என்றான். கடைசியில் அவள் போனை எடுத்து ஆர்த்திகாவுக்கு அடித்து, சத்தத்தைக் கூட்டி, மேசையில் வைத்தாள்.

ஆர்த்திகா திரும்பவும் எல்லாம் சொன்னாள். றுமைஸ் நம்பவில்லை. ராத்தா சொல்லித் தந்ததைத்தானே நீங்க சொல்லுறீங்க என்றான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. றால் வியாபாரி, நாள் கணக்கு அவனுக்குக் கைவந்தது.

"தங்கச்சி, றால் முதல் நாள் நல்லா இரிக்கும். மறுகா ரெண்டு நாள் போனாக் கெட்டுப் போகும். கெட்ட நாளில பாத்துப்போட்டு, பிடிச்ச நாளே கெட்டிருந்ததெண்டு சொல்ல ஏலாது. நான் உறைய வச்ச இரத்தத்தில அந்த எழுத்து மாறாமல் இருந்திருந்தா? ரெண்டாவது எடுக்கிறதுக்கு இடையில மாறியிருந்தா?"

இதை நிஸ்மியா யோசித்திருக்கவில்லை. அவளுடைய தம்பி தானாகவே தோண்டிய குழிக்குள் தன்னையும் சேர்த்து இழுத்துவிட்டான் என்று நினைத்தாள்.

அப்போது ஆர்த்திகாவின் பொறுமை முடிந்தது.

"அண்ணே, உங்களக் காப்பாத்துறதுக்கு எனக்கு ஒரு தேவையும் இல்ல. ரத்தத்துக்கு உப்புப் போட்ட ஆள் நீங்க. என்ர சேவிசில நான் அப்பிடி ஒண்டக் கண்டதில்ல. அது பிழை. ஆனா அந்தப் பிழையால அவர் சாகேல்ல. உங்கட உப்பு ட்யூப நான் எறியேல்ல. ரெண்டாவது வந்த நேரம் ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு ஓட விட்டுப் பாத்தன். உங்கடதில சத்தம் சின்னன். அறிக்கை எழுதக் காணாது. ஆனா அந்த மாறின எழுத்து அதிலயும் இருந்தது. அதே பங்கு. நீங்க ஐஸ் போட முதலே அது மாறி முடிஞ்சுது."

றுமைஸ் கதவு நிலையில் இருந்து காலை எடுத்து உள்ளே வைத்தான். மேசைக்குக் கிட்ட வந்து, போனுக்கு மேலே குனிந்து, ஏதோ இரகசியம் கேட்பது போலக் கேட்டான்.

"அப்ப, உப்புப் போட்ட இரத்தத்திலயும் தெரிஞ்சிச்சா?"

"கொஞ்சம் தெரிஞ்சுது."

அவன் நிமிர்ந்தான். கன்னத்தில் வழிந்ததைத் தோளால் துடைத்தான். பிறகு, அத்தனை நாளும் செத்துக் கிடந்த வியாபாரி அவனுக்குள் மெல்லத் தலை தூக்கினான்.

"அப்ப ஐஸ் பழுதில்ல," என்றான்.

நிஸ்மியாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயில் முந்தானையை அடைக்க நேரம் கிடைக்கவில்லை. வெள்ளை உடுத்து இத்தாவில் இருக்கிற பெண் அப்படிச் சத்தமாகச் சிரிக்கலாமா என்று ஊரில் யாரைக் கேட்டாலும் கூடாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஒருவரையும் கேட்காமல் சிரித்தாள். போனுக்குள் ஆர்த்திகாவும், அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டாள். றுமைஸ் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்து, தான் சொன்னதில் என்ன பகிடி இருக்கிறது என்று விளங்காமல், நல்ல ஐஸ்தானே என்றான்.

அன்று அவனை இருத்திச் சோறு போட்டாள். மீனாணமும் பருப்பும். அவன் உப்புத் தின்பதில்லையென்று பர்ஸானா சொன்ன நாளில் இருந்து, என்றைக்காவது உள்ளே வருவானென்று அவள் அவனுக்கென்று உப்பில்லாமல் ஒரு சட்டி தனியாக வைத்துக்கொண்டிருந்தாள், அதைத்தான் போட்டாள். அவன் ஒரு வாய் வைத்தான். இன்னொரு வாய் வைத்தான். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னான்.

"ராத்தா, உப்புக் காணாது."

அவள் உப்புப் போத்தலை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். அவன் பிசைந்து தின்றான், இரண்டாம் தரம் கேட்டு வாங்கினான், கை கழுவினான், பிளேன்டீ குடித்தான். இஞ்சி கூடிப்போய்விட்டது என்று அவனும் சொன்னான். குடும்பத்துக்கே இஞ்சி ஆகாது போல.

போகும்போது குசினி மூலையைப் பார்த்தான். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டான். லொறி எங்கே என்று அவள் கேட்டாள். துறைமுகத்தில் நிற்கிறது, மோட்டார் சைக்கிளில்தான் வந்தேன், நாளைக்கு எடுக்கிறேன் என்றான்.

இத்தா முடிந்துவிட்டது. போன போகம் வேளாண்மை நல்லதாம். ஆர்த்திகா தகப்பனாரிடம் சொல்லி அரை மூட்டை அரிசி கொடுத்தனுப்பியிருந்தாள். றுமைஸ் கிழமைக்கு நாலைந்து தரம் வந்து போகிறான், ஒவ்வொரு தரமும் நாளைக்கு எடுக்கிறேன் என்கிறான். நிஸ்மியா பெட்டியைத் தேசிக்காய் தேய்த்துக் கழுவினாள், சாம்பல் போட்டுக் கழுவினாள், வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.

பெட்டி குசினி மூலையில்தான் இருக்கிறது. மூடியைத் திறந்தால் இன்னும் றால் மணக்கும்.